பொப்பிப் பூவும் பிரிட்டிஷ் லீஜனும்: நம்மவர்கள் கேட்கும் கேள்விகள்

மூன்று வருடமாக, நவம்பர் தொடங்கியதும் லண்டனில் எங்கள் பகுதி ரயில் நிலைய வாசலில் பொப்பித் தட்டைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறேன். வெள்ளைக்காரர் பூவை எடுத்து, காசைப் போட்டு, ஒரு தலையசைப்போடு போய்விடுவார்கள். நின்று கேள்வி கேட்பவர்கள் நம்மவர்கள்தான். முதல் வருடம் ஒரு அம்மம்மா தட்டைக் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது எந்தக் கோயில் பூ?" என்றார். கோயில் இல்லை அம்மம்மா, முன்னாள் ஆமிக்காரருக்குக் காசு சேர்க்கிறோம் என்றேன். "ஆமிக்கோ!" என்று நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். அதற்குள் அவருடைய ரயில் வந்துவிட்டது.

அவருக்கும், அவரைப் போல அவசரத்தில் கேட்டுவிட்டு ஓடியவர்களுக்கும் அன்று சொல்ல முடியாமற் போனதை இங்கே எழுதியிருக்கிறேன். நான் வெறும் தொண்டன். பொப்பி கொடுத்துக் காசு சேர்க்கும் முன்னாள் வீரர் சங்கமான றோயல் பிரிட்டிஷ் லீஜனின் பேச்சாளன் அல்ல.

முதலில், இது என்ன பூ? ஏன் நவம்பரில்?

வயலில் தானாக முளைக்கும் சிவப்புப் பொப்பி. தமிழ்நாட்டுக் குருமாவில் அரைத்து ஊற்றும் கசகசாவுக்கு உறவுக்காரி. இதன் விதை மண்ணுக்குள் வருடக்கணக்காக உறங்கிக் கிடக்கும். மண்ணைக் கிளறினால்தான் முளைக்கும். 1914இல் தொடங்கிய உலகப் போரில் பிரான்ஸ், பெல்ஜியம் வயல்களைப் பீரங்கிக் குண்டுகள் உழுதுபோட்டன. வேறெதுவும் மிஞ்சாத அந்த மண்ணில் பொப்பி மட்டும் செழித்துப் பூத்தது. கனடா இராணுவ மருத்துவர் ஜோன் மக்கிரே அதைப் பார்த்து 1915இல் எழுதிய கவிதைதான் பூவை உலகத்துக்குத் தெரியவைத்தது. அமெரிக்க ஆசிரியை மோய்னா மைக்கேல் 1918இல் அதை நினைவுச் சின்னமாக அணியத் தொடங்கினார். துணியால் பொப்பி செய்து விற்கலாம் என்ற யோசனையை 1921இல் லண்டனுக்குக் கொண்டுவந்தவர் அன்னா கெரான் என்ற பிரெஞ்சுப் பெண்.

போர் ஓய்ந்தது 1918 நவம்பர் 11, காலை 11 மணிக்கு. அதனால் நவம்பர். அந்த நேரத்தில் இன்றும் இரண்டு நிமிட மௌனம். எங்கள் நிலையத்தில் அன்று அறிவிப்பு வந்ததும் ஆட்கள் நடந்த இடத்திலேயே நிற்பார்கள். வாயிற்கதவில் அட்டை தட்டும் 'பீப்' சத்தம் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் நின்றேபோகும். லண்டன் ரயில் நிலையத்தில் அந்தச் சத்தம் கேட்காமல் இரண்டு நிமிடம் நிற்பது எப்படியிருக்கும் என்று ஒருமுறை வந்து பாருங்கள்.

லீஜன் என்பது ஆமியின் ஒரு பிரிவா?

இல்லை. அரசாங்கமும் இல்லை. முன்னாள் படைவீரர்கள் தாங்களாகக் கூடி அமைத்த சங்கம், சட்டப்படி ஒரு அறக்கட்டளை. முதல் உலகப் போரில் பிரித்தானியாவிலிருந்து போனவர்கள் ஏறக்குறைய 60 இலட்சம் பேர். ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. திரும்பியவர்களில் பதினேழரை இலட்சம் பேர் ஏதோ ஒரு விதத்தில் ஊனமடைந்திருந்தார்கள். "வீரர்களுக்கு ஏற்ற நாடு" என்று மேடைகளில் முழங்கியதெல்லாம் 1921இல் வேலையில்லாத் திண்டாட்டத்தில் போய் முடிந்தது. பதக்கத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு தெருவில் தீப்பெட்டி விற்றவர்கள் இருந்தார்கள்.

அப்போது ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நான்கு முன்னாள் வீரர் சங்கங்கள் 1921 மே 15 அன்று ஒன்றாகின. அதுதான் பிரிட்டிஷ் லீஜன். 'றோயல்' என்ற அடைமொழி 1971இல்தான் வந்தது. அந்த முதல் நவம்பரிலேயே 90 இலட்சம் பொப்பிகளை வரவழைத்தார்கள். அத்தனையும் தீர்ந்து, 1,06,000 பவுணுக்கு மேல் சேர்ந்தது.

ஒரு பூ என்ன விலை?

விலை இல்லை. ஐந்து பென்சும் போடலாம், ஐம்பது பவுணும் போடலாம். தமிழ்நாட்டில் படித்தவர்களுக்குச் சுலபமாகச் சொல்லவேண்டுமென்றால், டிசம்பர் 7 கொடிநாளில் பள்ளிக்கூடத்துக்கு உண்டியல் வருமே, அதே போலத்தான். அங்கே அதை 1949இலிருந்து நடத்துவது அரசு. இங்கே நடத்துவது சங்கம்.

பூவை யார் செய்கிறார்கள்?

எனக்குப் பிடித்த கேள்வி இது. மேஜர் ஜோர்ஜ் ஹவ்சன் 1922இல் லண்டன் ஓல்ட் கென்ட் றோட்டில் ஒரு சிறிய பட்டறையைத் தொடங்கினார். முதலில் வேலைக்கு வந்தவர்கள் ஊனமுற்ற முன்னாள் வீரர்கள் ஐந்து பேர். பூவின் வடிவமே அவர்களுக்காகத்தான். இதழ், தண்டு, நடுப்பொத்தான் என்று மூன்று துண்டுகள். ஒரு கையை இழந்தவரும் மற்றக் கையால் கோர்த்துவிடலாம். பூவை விற்றுக் காசு சேர்த்துப் பிறகு உதவுவது ஒரு வழி. பூச் செய்வதையே அவர்களுக்குச் சம்பளமுள்ள வேலையாக்கியது அதைவிடப் புத்திசாலித்தனம். பட்டறை வளர்ந்து சில வருடங்களில் ரிச்மண்டுக்கு இடம்பெயர்ந்தது. இன்று அங்கே முக்கியமாக மலர்வளையங்கள் செய்கிறார்கள்.

நான் முதன்முதலில் நின்ற வருடத்துப் பூவில் பச்சைப் பிளாஸ்டிக் தண்டும் கறுப்புப் பிளாஸ்டிக் பொத்தானும் இருந்தன. 2023இல் முழுவதும் கடதாசியாலான பூ வந்தது. அந்தக் கடதாசியில் பாதி, கோப்பிக் குவளை தயாரிப்பில் கழிந்த துண்டுகளிலிருந்து எடுத்த நார். மடித்து மடித்து இதழாக்கியிருக்கிறார்கள். மழையில் நனைந்தால் பழையதைவிடக் கொஞ்சம் சீக்கிரம் வாடும் என்பது என் அனுபவம். ஆனால் நவம்பர் முடிந்ததும் வீட்டுக் கடதாசிக் குப்பையிலேயே போட்டுவிடலாம்.

ஸ்கொட்லாந்துக்குப் போனால் பூ வேறு மாதிரி இருக்கும்: நான்கு இதழ், இலை கிடையாது. அதை எடின்பரோவில் 1926இலிருந்து தனியாகச் செய்கிறார்கள்.

சேர்கிற காசு எங்கே போகிறது? உண்மையைச் சொல்லுங்கள்.

பலர் நினைப்பதுபோல் துப்பாக்கி வாங்கவோ, நினைவுத் தூண் கட்டவோ இல்லை. பெரும்பகுதி அன்றாட வாழ்க்கைச் சிக்கல்களுக்குப் போகிறது. வாடகை பாக்கி. குளிர்காலத்தில் பழுதான, வீட்டைச் சூடாக்கும் பொயிலர். கடன்காரர் கடிதங்கள். நிராகரிக்கப்பட்ட போர் ஓய்வூதியத்துக்கு மேன்முறையீடு. பெனிபிட் எனும் அரசு உதவிப்பண விண்ணப்பத்தின் நாற்பது பக்கங்களை யாராவது பக்கத்தில் இருந்து நிரப்பித் தருவது. பதினெட்டு வயதில் முகாமுக்குப் போனவருக்குச் சோறு, வீடு, மருத்துவர் எல்லாம் ஆமி பார்த்துக்கொண்டது. நாற்பது வயதில் வெளியே வரும்போது உள்ளூராட்சிக்குக் கட்டும் கவுன்சில் வரி என்றால் என்னவென்று தெரியாமல் முழிப்பவர்கள் உண்டு. புதிதாக இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது நாம் முழித்த முழிதான்!

உதவி பெற வீரராக இருந்திருக்கவேண்டும் என்றில்லை. அவருடைய மனைவி, கணவர், பிள்ளைகள், விதவைகள் என்று குடும்பத்தினரும் கேட்கலாம். டிமென்ஷியா என்ற மறதிநோய் வந்த முன்னாள் வீரர்களின் குடும்பங்களுக்குத் துணைநிற்க அதற்கெனப் பயிற்சிபெற்ற தாதியரையும் லீஜன் வைத்திருக்கிறது. அதிகம் பேசப்படாத நல்ல வேலை அது.

இன்னொரு பகுதி அரசாங்கத்தோடு வாதாடப் போகிறது. ஒரு உதாரணம்: போரில் காயப்பட்டவருக்கு அரசு இழப்பீடு கொடுக்கிறது. பிறகு அவர் வீட்டு உதவிக்கு விண்ணப்பித்தால், அதே இழப்பீட்டை 'வருமானம்' என்று கணக்குப் பார்த்து உதவியைக் குறைக்கிற உள்ளூராட்சிகள் இருக்கின்றன. வலது கையால் கொடுத்து இடது கையால் பிடுங்குகிற இந்தக் கணக்கை மாற்றச் சொல்லி லீஜன் பிரசாரம் நடத்தியது.

பிரித்தானியக் குடியுரிமை இல்லாத வீரர்களுக்கு ஏதாவது செய்கிறார்களா?

பிஜி, கானா, கென்யா என்று பொதுநலவாய நாடுகளிலிருந்து வந்து இங்கே ஆமியில் சேர்பவர்கள் பலர். நேபாளக் கூர்க்காக்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த நாட்டுக்காக ஆப்கானிஸ்தான் போய் வந்தவர், சேவை முடிந்ததும் இங்கேயே வாழ வேண்டுமென்றால் ஆளுக்கு 2,389 பவுண் கட்டவேண்டியிருந்தது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் பத்தாயிரத்துக்குக் கிட்ட. குடிவரவைப் பார்க்கும் ஹோம் ஒபிஸுக்குக் கட்டணம் கட்டிய எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் இதை விளக்கவேண்டியதில்லை.

லீஜன் இதை விடாமல் பிடித்துக்கொண்டு பல வருடம் போராடியது. 2022 ஏப்ரலிலிருந்து ஆறு வருடம் சேவை செய்தவர்களுக்கும், சேவையால் நோயோ காயமோ அடைந்து விலகியவர்களுக்கும் அந்தக் கட்டணம் நீக்கப்பட்டது. அன்று வந்த சலுகையில் குடும்பத்தினரைச் சேர்க்கவில்லை. பாதி வெற்றி என்றுதான் சொல்வேன்.

காசு சேர்ப்பதைத் தவிர, ஊர் மக்களோடு என்ன செய்கிறார்கள்?

ஊருக்கு ஊர் கிளை இருக்கிறது. தேநீர்க் கூட்டம், தனித்திருக்கும் முதியவர்களை வீடு தேடிப் பார்ப்பது, நினைவு ஞாயிறு அன்று கொடி பிடித்து ஊர்வலம். நினைவு ஞாயிறு என்பது நவம்பர் இரண்டாவது ஞாயிறு. மோட்டார் சைக்கிள் பிரியர்களுக்கென்றே ஒரு கிளையும் உண்டு: தோல் சட்டை, தாடி, முதுகில் லீஜன் சின்னம். பார்த்தால் பயமாயிருக்கும், பழகினால் குழந்தைகள்.

சத்தமில்லாமல் சாதித்த ஒன்று, குடிசன மதிப்பீடு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முன்னாள் வீரர்கள் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் சரியாகத் தெரியாமலிருந்தது. கணக்கில் இல்லாதவருக்கு மருத்துவமனையோ வீடோ எப்படித் திட்டமிடுவது? லீஜன் வற்புறுத்தி, 2021 கணக்கெடுப்பில் முதன்முறையாக அந்தக் கேள்வியைச் சேர்க்கவைத்தது. வந்த விடை 18.5 இலட்சம். வயதுவந்தவர்களில் நூற்றுக்கு நாலு பேருக்குச் சற்றுக் குறைவு.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக ஒரு இடம் சொல்லுங்கள் என்றால், ஸ்டஃபர்ட்ஷயரில் உள்ள தேசிய நினைவு மரத்தோட்டத்தைச் சொல்வேன். சரளைக்கல் தோண்டிவிட்டுப் போட்ட நிலத்தில் மரம் நட்டு, 2001இல் திறந்தார்கள். நடத்துவது லீஜன்தான். நுழைவு இலவசம், வாகனத் தரிப்புக்கு மட்டும் காசு. பெரிய வட்டச் சுவரில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இறந்த 16,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் செதுக்கியிருக்கின்றன. நவம்பர் 11 காலை 11 மணிக்குச் சூரிய ஒளி சுவரின் ஒரு வெடிப்பு வழியே புகுந்து நடுவிலிருக்கும் மலர்வளையத்தில் விழும்படி கட்டியிருக்கிறார்கள்.

ஆனால் என் மகள் அதிக நேரம் நின்றது அங்கே இல்லை. தோட்டத்தின் கிழக்கு ஓரத்தில், விடியல் வெளிச்சம் முதலில் படும் மூலையில், கண்ணைக் கட்டிய ஒரு பையனின் சிலை. அவனைச் சுற்றி முன்னூற்றுக்கும் மேற்பட்ட மரக்கம்பங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். முதல் உலகப் போரில் பயந்து ஓடினார்கள், காவலில் தூங்கினார்கள் என்று சொந்த ஆமியே சுட்டுக்கொன்றவர்கள். 2006இல்தான் அரசு மன்னிப்பு வழங்கியது. "சுட்ட ஆக்களும் பொப்பி குத்தியிருப்பினமா அப்பா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

இந்தியப் படைவீரர்களை நினைக்கிறார்களா?

நீண்ட காலம் போதுமான அளவு நினைக்கவில்லை. முதல் உலகப் போருக்கு அன்றைய இந்தியாவிலிருந்து 13 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். 74,000 பேரளவில் இறந்தார்கள். நூற்றாண்டு முடிவில், 2018இல், லீஜன் கதர்த் துணியால் செய்த பொப்பியை வெளியிட்டது. அன்றைய பிரதமர் தெரசா மே அதைக் குத்திக்கொண்டார். வெள்ளைக்காரத் துணியைக் கொளுத்திவிட்டு உடுத்திய கதரில் ஏகாதிபத்தியப் போரின் பூ! விநோதமான கூட்டுத்தான். ஆனால் 1918இல் காந்தியே கேடா மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்து ஆமிக்கு ஆள் சேர்த்தவர் என்பதையும் மறக்கக்கூடாது.

இலங்கையில் பொப்பிக்குப் போட்டியாக ஒரு பூ விற்றார்களாமே?

ஆம், அதுவும் நமக்கு நன்றாகத் தெரிந்த பூ. இலை சுருட்டிப் பீப்பீ ஊதுவோமே, அந்தப் பூவரசு. சிங்களத்தில் அதன் பெயர் சூரிய. பூ 'சூரிய மல்'.

அன்றைய சிலோனிலும் நவம்பர் 11 பொப்பி விற்றார்கள். வெள்ளைக்காரத் துரைகளும் பள்ளிக்கூடங்களும் போட்டி போட்டு வாங்கும். சேர்ந்த காசில் பெரும்பகுதி கப்பலேறி பிரித்தானியாவுக்குப் போய்விடும். அதே போரில் சண்டையிட்டுத் திரும்பிய இலங்கையர்களுக்குக் கிடைத்தது சொற்பம். முதலில் முகம் சுளித்தவர்கள் அரசியல்வாதிகள் அல்ல, முன்னாள் வீரர்கள்தான். இலங்கை முன்னாள் படைவீரர் சங்கத்தின் தலைவர் ஏலியன் பெரேரா 1931இல், நம்மவர்களுக்காக நம் பூ என்று சூரிய மல் விற்பனையைத் தொடங்கினார்.

தென் கொழும்பு இளைஞர் சங்கத்தினர் 1933இல் அதைக் கையிலெடுத்தபோது விஷயம் பெரிதாகிவிட்டது. முன்னின்றவர்களில் ஒருவர் ஆங்கிலேயப் பெண்ணான டொரீன் யங். பூவை வாங்கியவர்கள் பெரும்பாலும் ஏழைகள், அதனால் பெரிதாகக் காசு சேரவில்லை. ஆனால் ஆட்கள் சேர்ந்தார்கள். 1934-35இல் மலேரியா பல்லாயிரம் பேரைக் கொன்றபோது கிராமங்களுக்குப் போய் வேலை செய்தவர்கள் இந்தப் பூ விற்றவர்கள். கொயினா மட்டும் கொடுத்துப் பயனில்லை, சனம் பட்டினியில் கிடக்கிறது என்று கண்டு, மார்மைட் என்ற சத்துள்ள ஈஸ்ட் பசையை உருண்டையாக உருட்டிக் கொடுத்தார்கள். அந்தக் கூட்டத்திலிருந்துதான் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி என்ற இடதுசாரிக் கட்சி பிறந்தது.

முன்னாள் வீரர்களின் சிறிய மனக்குறை ஒன்று எங்கே போய் நின்றது, பாருங்கள். லீஜன் உண்டியலோடு நிற்கும் நான் இந்தக் கதையைச் சொல்வது பொருத்தமில்லை என்று ஒரு நண்பர் கடிந்துகொண்டார். சேர்த்த காசு யாருக்கு என்று கேட்பதுதான் பொப்பிக்குச் செய்யும் மரியாதை என்பது என் வாதம்.

ஆமியால் அடிபட்டு வந்தவர்கள் நாங்கள். பொப்பி குத்தாவிட்டால் தப்பாக நினைப்பார்களா?

அம்மம்மாவின் கேள்வி இது. யாரும் கட்டாயப்படுத்த முடியாது. லீஜனே அப்படித்தான் சொல்கிறது. வேலையிடத்தில் ஒருமுறை, "உன்னுடைய பொப்பி எங்கே?" என்று ஒரு மேலதிகாரி கூட்டத்தின் நடுவில் என்னிடம் கேட்டார். கோட்டு மாற்றியதில் விழுந்துவிட்டது. அன்று எனக்கு வந்த கூச்சம், குத்தாதவர்களின் பக்கத்தை எனக்குக் காட்டியது.

வட அயர்லாந்தில் இது இன்னும் கூர்மை. பிரித்தானிய ஆமியின் துப்பாக்கியைத் தெருவில் பார்த்து வளர்ந்த கத்தோலிக்கர்கள் பலர் குத்துவதில்லை. டெரியில் பிறந்த காற்பந்தாட்டக்காரர் ஜேம்ஸ் மக்ளீன் பொப்பி பதித்த சட்டையை அணிய மறுத்து, வருடா வருடம் ஏச்சு வாங்கினார். மறுபக்கம், 1987 நவம்பர் 8, நினைவு ஞாயிறு அன்று எனிஸ்கிலனில் பிரித்தானிய ஆட்சியை எதிர்த்த ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ. குண்டு வைத்து, மலர்வளையம் வைக்க நின்ற சனத்தைக் கொன்றது. இரண்டும் தெரிந்தால் அங்கே யாரையும் சட்டென்று தீர்ப்புச் சொல்லமாட்டீர்கள்.

வெள்ளைப் பொப்பியும் உண்டு. கூட்டுறவுப் பெண்கள் சங்கம் 1933இல் தொடங்கியது, போரே வேண்டாம் என்பவர்களுக்கு. அதற்கும் லீஜனுக்கும் சம்பந்தமில்லை.

நவம்பர் என்றால் நம்மில் பலருக்கு மாவீரர் நாளின் கார்த்திகைப் பூதான் முதலில் மனதில் வரும். அதை நெஞ்சில் வைத்திருப்பவரிடம் போய் நான் தட்டை நீட்டுவதில்லை. அவராக வந்தால் பூ இருக்கிறது.

லீஜன் தவறே செய்ததில்லையா?

செய்திருக்கிறது. அதன் முதல் தலைவர் ஃபீல்ட் மார்ஷல் ஹெய்க். சோம் போரின் முதல் நாளிலேயே பிரித்தானியத் தரப்பில் 19,000க்கு மேற்பட்டோர் இறந்தார்களே, அந்தப் போரின் தளபதி. 1994 வரை பூவின் நடுவில் இருந்தது அவர் பெயர்தான். இதைவிட மோசம், 1935இல் 'பழைய எதிரிகளோடு சமாதானம்' என்று ஒரு தூதுக்குழு ஜேர்மனிக்குப் போய் ஹிட்லரைச் சந்தித்துவிட்டு வந்தது. 1938இல் செக்கோஸ்லோவாக்கியாவிடமிருந்து ஹிட்லர் கேட்ட சுடெட்டன்லாந்தில் காவல் பார்க்க 1,200 தொண்டர்களைத் திரட்டிக் கப்பலிலும் ஏற்றிவிட்டார்கள். கப்பல் தேம்ஸ் முகத்துவாரத்துச் சவுத்எண்ட் தாண்டவில்லை. வேலை ரத்தாகி எல்லோரும் வீடு திரும்பினார்கள். நல்ல மனது மட்டும் போதாது என்பதற்கு இவர்கள் வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது.

பூவை எந்தப் பக்கம் குத்துவது? இலை எந்தத் திசை?

இடமோ வலமோ, உங்கள் விருப்பம். இலை பதினொரு மணியைக் காட்டவேண்டும் என்றெல்லாம் வட்ஸ்அப்பில் வரும். அப்படி ஒரு விதி கிடையாது.

நானும் உண்டியலோடு நிற்கலாமா?

தாராளமாக. முன்னாள் வீரராக இருக்கவேண்டியதில்லை. உங்கள் ஊர் அமைப்பாளரிடம் பெயரைப் பதிந்தால் போதும். முத்திரையிட்ட உண்டியல் தருவார்கள், நீங்கள் திறக்கக்கூடாது. எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம், உண்டியலைக் குலுக்காதே. இரண்டாவது, யாரையும் கூப்பிடாதே. சும்மா நில், வருகிறவர்கள் வருவார்கள்.

விரல்நுனி வெட்டிய கையுறை வாங்குங்கள். முழுக் கையுறையோடு குண்டூசி எடுக்க முடியாது, கையுறை இல்லாமல் அரை மணிநேரம் நிற்க முடியாது. சில்லறை நிறைந்த உண்டியல் பாரம், தோளை மாற்றி மாற்றித் தொங்கவிடுங்கள். இப்போது அட்டை தட்டும் கருவியும் உண்டு என்பதால் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. முதியவர்கள் "நீயே குத்திவிடு தம்பி" என்பார்கள். மற்றவர்களுக்குப் பூவையும் ஊசியையும் கையில் கொடுங்கள். காலை ஏழு முதல் ஒன்பது வரைதான் நல்ல கூட்டம். பத்து மணிக்குப் பிறகு கால் வலி மட்டும்தான், பக்கத்துக் கடையில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள்.